பட்டாவில் இல்லாத பாட்டி

(மூன்றாமாண்டு இளங்கலை வரலாற்று மாணவி)

'நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது' என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. நதியின் மூலத்தைத் தேடிப் போனால் கிடைப்பது ஒரு சிறு சுனைதான். அதனால் பெருமை குறைந்துவிடும் என்ற அச்சம் போலும்! ஆனால் வரலாறு படிக்க வந்தவர்கள் மூலத்தைத் தேடாமல் இருக்க முடியுமா? சென்ற கோடை விடுமுறையில் நான் என் குடும்பத்தின் மூலத்தைத் தேடினேன். யார் கிடைத்தார்கள், யார் கிடைக்கவில்லை என்பதைச் சக மாணவியரோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். கிடைத்தவர்களைவிடக் கிடைக்காமற் போனவர்களே என்னை எழுதத் தூண்டினார்கள் என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன்.

வகுப்பறையில் விழுந்த விதை

இங்கிலாந்து வரலாற்று வகுப்பு அது. 1086ஆம் ஆண்டில் வில்லியம் மன்னர் நாடு முழுவதும் யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை ஏர் என்று கணக்கெடுத்து 'டூம்ஸ்டே' நூலை உருவாக்கிய கதையைப் பேராசிரியை நடத்திக்கொண்டிருந்தார். அந்நாட்டில் ஒரு சாதாரணக் குடும்பம் 600, 700 ஆண்டுகளுக்கு முந்திய தன் முன்னோரைத் தேட விரும்பினால் எங்கே போகும் என்று ஒரு மாணவி கேட்டாள். தேவாலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியும் வழக்கம் அங்கே 1538இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால்?

பேராசிரியை சொன்ன பதில் எனக்குப் புதுமையாக இருந்தது. அரச வரலாற்றில் தேடிப் பயனில்லை. வழக்குச் சுருள்களிலும் நிலப் பத்திரங்களிலும் தேடவேண்டும் என்றார். நிலம் கைமாறும்போது ஒரே தோலில் மூன்று படிகள் எழுதி, நெளிநெளியாக வெட்டி, இருதரப்பாருக்கும் ஒவ்வொன்று கொடுத்துவிட்டு, அடியிலிருந்த மூன்றாவது படியை அரசே வைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே 1195இல் ஏற்பட்டது. பின்னர் ஐயம் எழுந்தால் வெட்டுவாயைப் பொருத்திப் பார்த்து உண்மை காணலாம். அந்த அடிப்படிகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. போரில் வென்றதால் அல்ல, நிலத்தை விற்றதாலும் வாங்கியதாலும் வழக்காடியதாலும் அந்த எளிய மனிதர்கள் வரலாற்றில் நிலைத்துவிட்டார்கள்!

"நம் ஊருக்கு இது பொருந்துமா, அம்மா?" என்று கேட்டேன்.

"உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாரேன்" என்றார் பேராசிரியை.

தகரப் பெட்டி

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்கு வடக்கே, குடகனாற்றை ஒட்டிய ஒரு சிற்றூர். மழை பெய்தால் சோளமும் நிலக்கடலையும். பொய்த்தால் நகரத்துக்குக் கூலி வேலை. எங்களுக்கு இன்று இருப்பது 2 ஏக்கர் 15 செண்டு புஞ்சையும் ஒரு கிணற்றில் நாலில் ஒரு பங்கும். அப்பத்தாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி உண்டு. சிறுவயதில் நாங்கள் அதைத் தொட்டால் அடி விழும். இம்முறை அப்பத்தாவே திறந்து கொடுத்தார். உள்ளே கிரையப் பத்திரங்கள், ஓர் அடமானப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், ஒரு கோர்ட்டுத் தீர்ப்பின் நகல், நூலில் கோத்த தீர்வை ரசீதுகள்.

படிக்கத் தொடங்கியபோதுதான் என் தமிழறிவின் எல்லை எனக்குத் தெரிந்தது. 'ஷை' என்றால் மேற்படி. பசலி என்றால் வருவாய்த்துறையின் ஆண்டு, ஜூலையில் தொடங்கும், அதனுடன் 590 கூட்டினால் நம் ஆண்டு வரும். எண்களோ தமிழ் எண்கள். ஒரு பத்திரத்தில் 'தாது வருடம்' என்று கண்டதும் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் நாடறிந்தது. அந்தப் பஞ்ச காலத்திலேயே எங்கள் பூட்டன் நிலம் வாங்கியிருக்கிறார் என்று வீடு முழுவதும் சொல்லித் திரிந்தேன். அப்பா பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். "முத்திரைத் தாளில் இருப்பது ராஜா தலையம்மா. பஞ்ச காலத்தில் விக்டோரியா ராணி அல்லவா ஆண்டாள்?" என்றார். தமிழ் ஆண்டுகள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதை மறந்துபோனேன்! அது 1936ஆம் ஆண்டுத் தாது. ஒரே நொடியில் என் குடும்பத்துக்கு 60 வயது குறைந்துவிட்டது. பத்திரம் படிக்கப் புகுவோர் இப்பிழையைச் செய்யாதிருக்கவே என் அறியாமையை இங்கே வெளிப்படுத்துகிறேன்.

இன்னொரு பாடமும் கற்றேன். பத்திரத்தில் பெயர்களுக்கு அடுத்துக் கவனிக்க வேண்டியது நான்கு எல்லை. அந்த 1936ஆம் ஆண்டுப் பத்திரத்தில், கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே ஓடை, தெற்கே இன்னார் புஞ்சை என்று எழுதி, வடக்கே ஒருவருடைய கிணற்றுப் புஞ்சை என்று கண்டிருந்தது. அந்த வடக்கெல்லைக்காரரின் தகப்பனார் பெயரும் எங்கள் பூட்டனின் தகப்பனார் பெயரும் ஒன்றே! கீழத்தெருவில் இருக்கும் அந்தக் குடும்பத்தோடு நாங்கள் பேசுவதில்லை. அவர்கள் வேற்றார் என்றே எண்ணியிருந்தேன். அப்பத்தாவிடம் கேட்டதும், "பங்காளிதாண்டி. கெணத்துல மொறத் தண்ணிக்குச் சண்ட வந்து கோர்ட்டுக்குப் போனதுல பேச்சு நின்னுபோச்சு" என்றார். பெட்டியிலிருந்த தீர்ப்பு நகல் அந்த வழக்கினுடையதுதான். பிரிந்த உறவை அந்த வழக்கே எனக்குக் காட்டிக் கொடுத்தது.

பெட்டிக்கு வெளியே

பெட்டி முடிந்த இடத்தில் அரசின் பதிவேடுகள் தொடங்குகின்றன. 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமையைத் திப்பு சுல்தான் ஆங்கிலக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனியார் இங்கே ஜமீன்தாரி முறையைப் புகுத்திப் பார்த்தனர், அது நிலைக்கவில்லை. பின்னர் ரயத்துவாரி முறை வந்தது. உழுகின்ற குடியானவன் பெயரிலேயே நிலத்தை எழுதி, அவனிடமே தீர்வை வாங்குவது அம்முறை. வரி வாங்குவதற்காகத்தான் எழுதினார்கள். எனினும் அதனால் சாதாரணக் குடியானவனின் பெயர் முதன்முறையாக அரசின் ஏட்டில் ஏறியது. பாளையக்காரர்களின் வம்சாவளிகளைக் காலின் மெக்கன்சி திரட்டினார். அவை சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. குடியானவனின் வம்சாவளியோ பட்டாவிலும் சிட்டாவிலும் அடங்கலிலும் சிதறிக் கிடக்கிறது.

அக்கணக்குகளை எழுதி வந்தவர் ஊர்க் கணக்குப்பிள்ளை. பரம்பரையாக வந்த அப்பதவி 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பரம்பரை ஆதிக்கம் போனது நன்றே. பதிவு அலுவலகத்திலோ இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று ஆட்களின் பெயர்வழி, மற்றொன்று சொத்துவழி. சர்வே எண் தெரிந்தவர்கள் சொத்துவழியே பின்னோக்கிச் செல்லலாம். இன்று பட்டாவையும் அண்மைக் கால வில்லங்க விவரத்தையும் கணினியிலேயே பார்க்க முடிகிறது. ஆனால் திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பர் 15ஆம் நாள்தான். ஆதலால் பழைய ஏடுகளில் நம் ஊர்களை மதுரை ஜில்லாவில் தேட வேண்டும். அதற்கும் முந்தியவற்றுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகம் இருக்கிறது.

இப்படித் தேடியதில் அப்பா, தாத்தா, பூட்டன், அவர் தந்தை, அவருக்கும் தந்தை என ஐந்து தலைமுறை கிடைத்தது. ஒரு நீளத் தாளில் ஏணிபோல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது. அப்பத்தா வந்து நின்று பார்த்தார்.

"இதுல நான் எங்கடி இருக்கேன்?" என்றார்.

ஏணியில் இல்லாதவர்கள்

தோழியரே! அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஐந்து தலைமுறையில் ஐந்து ஆண்கள். அவர்களைப் பெற்ற தாய்மார் எங்கே? பூட்டனைப் பெற்றவளின் பெயர் அப்பத்தாவுக்கே தெரியவில்லை. 'இன்னார் மகன் இன்னார்' என்று எழுதும் பதிவேட்டுக்கு மகன் வேண்டும், தகப்பன் வேண்டும். இடையில் இருந்தவள் வேண்டியதில்லை!

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951-52இல் நடந்தது. அப்போது வடமாநிலப் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே எழுதச் சொன்னார்கள். ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் அதனால் வாக்காளர் பட்டியலில் இடம்பெறாமற் போனார்கள். ஆனால் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொண்டுவந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், எந்தத் தெருவில் எந்த வீடு என்பதும் கல்வெட்டில் இருக்கின்றன. கோயிலில் பங்கு உடையவர்கள் ஆதலால் பெயர் எழுதப்பட்டது. சிவகங்கைச் சீமையை இழந்து திண்டுக்கல் பகுதியில் அடைக்கலம் புகுந்து, ஹைதர் அலியின் உதவியோடு மீட்ட வேலு நாச்சியாரை நாடறியும். அரசிக்கு நாடு இருந்தது, பெயர் நின்றது. ஆக, பங்கு இருந்தால் பெயர் இருக்கும். பங்கு போனால் பெயரும் போகும். இதுவே நான் இத்தேடலில் கண்ட உண்மை.

இங்கிலாந்திலும் அப்படித்தான். அந்நாட்டுப் பண்ணை நீதிமன்றச் சுருள்களில் குடியானவப் பெண்கள் பெயரோடு வருகிறார்கள். எப்போது? திருமணம் செய்துகொள்ளப் பண்ணைப் பிரபுவுக்குப் பணம் கட்டும்போது. மது காய்ச்சி விற்று அபராதம் செலுத்தும்போது. கணவன் இறந்தபின் விதவைப் பங்கைக் கேட்டு வரும்போது. கொடுக்கும்போதும் கேட்கும்போதும்தான் ஏடு அவர்களைக் கண்டுகொண்டது!

ஒரு கைரேகை

எங்கள் பெட்டியிலும் ஒரு பெண் இருந்தார். 1964ஆம் ஆண்டு விடுதலைப் பத்திரம் ஒன்றின் கடைசியில், இடதுகைப் பெருவிரல் ரேகையாக இருந்தார். தாத்தாவின் உடன்பிறந்த தங்கை அவர். நாங்கள் 'வேடசந்தூர்ப் பாட்டி' என்போம். அவருடைய இயற்பெயரை இருபது வயதில், அந்தப் பத்திரத்தில்தான் நான் முதன்முதலாகப் படித்தேன். குடும்ப விவகாரம் ஆதலால் பெயரை இங்கே அச்சிடவில்லை. தமக்கு விவாகம் ஆகிச் சீர்வரிசை யாவும் பெற்றுக்கொண்டபடியாலும், இன்று ரொக்கம் ரூ.101 பெற்றுக்கொண்டபடியாலும், தகப்பனார் சொத்தில் தமக்குள்ள பாத்தியதையை அண்ணன்மார் இருவருக்கும் விடுதலை செய்துவிட்டதாக அவர் எழுதிக்கொடுத்திருந்தார்.

அந்தக் கைரேகை ஏன் தேவைப்பட்டது? 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபின், உயில் எழுதாமல் இறந்த தந்தை தாமே தேடிய சொத்தில் மனைவி, மகன், மகள் அனைவருக்கும் சம பங்கு. பூட்டன் 1961இல் இறந்தார். மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் என நால்வர். அவர் வாங்கிய நிலம் 4 ஏக்கர் 30 செண்டு. பாட்டியின் பங்கு 1 ஏக்கருக்கும் சற்று மேல். அதன் விலை ரூ.101!

நான் வேடசந்தூருக்குப் போனேன். பாட்டிக்கு இப்போது 85 வயதுக்கு மேல். பத்திரத்தின் நகலை எடுத்து, வரிவரியாக அவருக்குப் படித்துக் காட்டினேன். அறுபது ஆண்டுகளில் அதை ஒருவரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

"என்னான்னு கேட்டேன் தாயி. அண்ணன்தான கேக்குது, கையி வையின்னாங்க. வச்சேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "நூத்தியோரு ரூவாயா? எனக்கு ஒரு சீலதான எடுத்துக் குடுத்தாக" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் தாத்தா நல்லவர். தங்கை வீட்டுக்கு ஆண்டுதோறும் பொங்கல் சீர் தவறாமல் கொண்டுபோனவர். நல்லவர்கள்தாம் இதைச் செய்தார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சீர் என்பது மகிழ்ந்து கொடுப்பது. பங்கு என்பது உரிமையாய்ச் சேர்வது. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை எடுத்துக்கொள்வது எப்படிச் சரியாகும்?

பழைய கதைதானே என்று விட்டுவிடவும் முடியவில்லை. இந்த ஆண்டு எங்கள் வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரிக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 'அத்தையிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிடலாம்' என்ற பேச்சு என் காதில் விழுந்தது. 1989இல் தமிழ்நாட்டில் பரம்பரைச் சொத்திலும் மகளுக்குப் பங்கு என்று சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன்பே மணமானவர்களுக்கு அது கிட்டவில்லை. 2005இல் நாடு முழுவதற்குமான திருத்தம் வந்தது. மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று 2020இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. இத்தனைக்குப் பின்னும் ஒரு விடுதலைப் பத்திரம் போதும், எல்லாவற்றையும் தாண்டிவிடலாம்! அப்பாவிடம் 1964ஆம் ஆண்டுப் பத்திரத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "எதை எழுதினாலும் உன் அத்தைக்கு நீயே படித்துக் காட்டு, அதன்பிறகு அவள் இஷ்டம்" என்றார். பத்திரம் இன்னும் எழுதப்படவில்லை. அத்தை என்ன முடிவு செய்வார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தே செய்யட்டும் என்பதுதான் என் கட்சி.

ஒரு தோழியின் கேள்வி

இதையெல்லாம் விடுதியில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு தோழி கேட்டாள்: "உங்களுக்கு ஒரு பெட்டியாவது இருக்கிறது. எங்கள் பாட்டனார் அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டவர். நாங்கள் எந்தப் பட்டாவில் தேடுவது?"

நியாயமான கேள்வி. நில ஆவணம் நிலம் உடையவனின் வரலாறு. உழுதவன் பெயர் அதில் இல்லாமலே ஒரு நிலம் நூறாண்டு விளைந்திருக்கலாம். செங்கற்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலங்களின் பதிவுகள் சில குடும்பங்களுக்கு வழிகாட்டலாம். மற்றவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய வாக்காளர் பட்டியல், இலங்கைத் தோட்டங்களுக்குப் போய்த் திரும்பியோரின் கடவுச்சீட்டு ஆகியவை உண்டு. அவையும் இல்லாதபோது பாட்டியின் வாய்மொழி ஒன்றே ஆவணம். அது ஏட்டில் ஏறுமுன் அழிந்துவிடும் என்பதால் அவளுக்குத்தான் என்னைவிட அவசரம். எழுதிய ஏடு காத்திருக்கும். பாட்டி காத்திருக்க மாட்டாள்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே சில கருத்துகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன். வரலாற்றுத் துறை மாணவியர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கமாவது எழுத வேண்டும். அதில் தந்தைவழிக்கு எத்தனை பெயரோ, அத்தனை பெயர் தாய்வழிக்கும் இருக்க வேண்டும். துறையில் ஒரு பேரேடு வைத்து அவற்றைச் சேர்த்துவந்தால், பத்தாண்டுகளில் திண்டுக்கல் சீமையின் குடிமக்கள் வரலாறு ஒன்று நம் கல்லூரியிலேயே உருவாகிவிடும். பத்திரத் தமிழையும் தமிழ் எண்களையும் பசலிக் கணக்கையும் கற்றுத்தர ஆண்டுக்கு ஒரு வாரம் ஒதுக்கினால் போதும். இறுதியாக ஒன்று. வீட்டில் எந்தத் தாளை நீட்டினாலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாத நம் தாய்மாருக்குப் படித்துக் காட்டாமல் கைரேகை வைக்க விடாதீர்கள். பட்டம் பெற்ற ஒரு பெண் தன் வீட்டுக்குச் செய்யக்கூடிய முதல் உதவி இதுவே.

'உறவுக்குள் பத்திரம் எதற்கு, சண்டை எதற்கு' என்பார்கள். பத்திரம் வேண்டாம் என்று சொல்பவர்கள் பெட்டியைப் பூட்டி வைத்திருப்பது ஏன்?

சுவரில் ஒட்டிய அந்த ஏணியைக் கழற்றிவிட்டேன். புதிய தாளில் அப்பத்தா பெயரையும், அவரைப் பெற்றவள் பெயரையும், வேடசந்தூர்ப் பாட்டியின் பெயரையும் எழுதியிருக்கிறேன். பூட்டனைப் பெற்றவளின் பெயருக்கு ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறேன். கீழத்தெருப் பங்காளி வீட்டில் வயதான ஆத்தா ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்கிறார்கள். பேச்சு நின்றுபோன அந்த வீட்டுப் படியை வரும் பொங்கல் விடுமுறையில் மிதிக்கப்போகிறேன்.